லப்டொப்பின் டிவிடி டிரைவ் கைவிட்டால் ஃபைல்களை இன்னொரு கொம்பியூட்டருக்கு மாற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடியோ, சடங்கு வீட்டு அல்பம், டியூஷன் வகுப்பில் கொடுத்த பாட சிடி, கோயில் திருவிழா படம்: மலையகத்தில் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தியவை பாதிக்கு மேல் டிஸ்க்கில்தான் கிடக்கின்றன. அவற்றை வாசிக்கும் லப்டொப் டிரைவோ முதலில் பழுதாகிற பாகம். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள் கீழே உள்ளன. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறோம்.

"டிஸ்க் போயிருச்சு"ன்னு கடையில சொல்லிட்டாங்க. அப்ப என் ஃபோட்டோ எல்லாம் போச்சா?

எந்த டிஸ்க் என்று கேட்டீர்களா? லப்டொப்பில் இரண்டு இருக்கின்றன. பக்கவாட்டில் தட்டு நீட்டுவது டிவிடி டிரைவ். அது போனால் உங்கள் ஃபைல் ஒன்றுகூடப் போகாது, சிடி வாசிக்க முடியாது என்பதோடு சரி. உள்ளே மூடியிருப்பது ஹார்ட் டிஸ்க். ஃபோட்டோ, பாட்டு, வேர்ட் ஃபைல் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

லப்டொப் வழக்கம்போல் ஒன் ஆகி, டெஸ்க்டொப் வந்து, ஃபோட்டோ திறக்கிறது என்றால் ஹார்ட் டிஸ்க் நடக்கிறது. அப்படி இல்லாமல் உள்ளிருந்து 'டக் டக்' என்று அடித்தால், இடையில் உள்ளதை விட்டுவிட்டு நேராகக் கீழே கடைசிக்கு முந்திய ஹார்ட் டிஸ்க் கேள்விக்குப் போங்கள். அதுவரை லப்டொப்பை ஓஃப் பண்ணியே வையுங்கள்.

சிடி போட்டா சுத்துது, கொஞ்ச நேரத்துல நின்னுருது. கெட்டது டிரைவா, சிடியா?

ஒரே சிடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் தெரியாது. மூன்று வகை டிஸ்க் எடுங்கள்: கடையில் வாங்கிய ஒரிஜினல் சிடி ஒன்று, வீட்டில் ரைட் பண்ணிய சிடி ஒன்று, ஒரு டிவிடி. மூன்றும் வேலை செய்யாவிட்டால் டிரைவ். ஒன்று மட்டும் வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் அந்த டிஸ்க். சிடி எல்லாம் ஓடி டிவிடி மட்டும் ஓடாவிட்டாலும் டிரைவைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிடிக்கு 780 நனோமீற்றர் லேசர், டிவிடிக்கு 650 நனோமீற்றர் லேசர். ஒன்று செத்து மற்றது உயிரோடு இருப்பது சாதாரணம்.

தூக்கி எறியுமுன் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள். நம் பக்கத்து ஈரமும் விறகடுப்புப் புகையும் சேர்ந்தால் லென்ஸில் ஒரு மெல்லிய படலம் படியும். லப்டொப் டிரைவில் தட்டை இழுத்தாலே லென்ஸ் கண்ணுக்குத் தெரியும், பருப்பு அளவு கண்ணாடிப் பொட்டு. ஓஃப் பண்ணி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரோபைல் அல்கஹோல் ஒரு சொட்டு விட்டு, அழுத்தாமல் ஒரு சுற்றுத் துடைத்து, பத்து நிமிடம் காய விடுங்கள். ஓடிகொலோன் வேண்டாம், அதிலுள்ள வாசனை எண்ணெய் லென்ஸில் தங்கும்.

நுவரெலியாவில் விடியக்காலை பையில் போட்ட லப்டொப்பைக் கொழும்பில் இறங்கியதும் திறப்பவர்களுக்கு இன்னொன்று. குளிர்ந்த லென்ஸில் சூடான ஈரக் காற்று பட்டால் பனி பூக்கும். ஒரு மணி நேரம் சும்மா வைத்தால் தானாகவே சரியாகிவிடும்.

தட்டு வெளிய வரவே மாட்டேங்குது. உள்ள அக்காவோட கல்யாண சிடி மாட்டிக்கிட்டு இருக்கு.

கத்தி போட்டு நெம்பாதீர்கள். டிரைவின் முகப்பில் குண்டூசித் துளை ஒன்று இருக்கும். லப்டொப்பை முழுதாக ஓஃப் பண்ணி, டிஸ்க் சுற்றுவது நிற்க ஒரு நிமிடம் விட்டு, பேப்பர் கிளிப்பை நீட்டி நேராக உள்ளே தள்ளுங்கள். உள்ளே ஒரு கொக்கி 'கிளிக்' என்று விடும், தட்டு அரை அங்குலம் வெளியே வரும். மீதியைக் கையால் இழுக்கலாம். குண்டூசி மெல்லியது, வளைந்துவிடும். பேப்பர் கிளிப்தான் சரியான தடிப்பு.

மை கொம்பியூட்டர்ல டிரைவையே காணோம். நேத்து வரைக்கும் இருந்துச்சு.

தட்டு திறக்கிறது, பச்சை லைட் எரிகிறது, விண்டோஸில் மட்டும் காணவில்லை என்றால் டிரைவ் நன்றாக இருக்க வாய்ப்புண்டு. டிவைஸ் மெனேஜரைத் திறந்து, டிவிடி டிரைவ் வரிசையில் மஞ்சள் அடையாளம் இருந்தால் அதை ரைட் கிளிக் பண்ணி அன்இன்ஸ்டோல் கொடுத்து, ரீஸ்டார்ட் பண்ணுங்கள். விண்டோஸ் தானே திரும்பக் கண்டுபிடிக்கும். பழைய சிடி ரைட்டிங் சொஃப்ட்வெயார் ஒன்றை அழித்த பிறகு இது வந்திருந்தால், விண்டோஸின் அமைப்புகள் பதியப்படும் ரெஜிஸ்ட்ரியில் அது விட்டுப்போன 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோவர்ஃபில்டர்ஸ்' என்ற இரண்டு பதிவுகள் காரணமாக இருக்கலாம். அதில் கை வைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பயோஸிலும் (விண்டோஸ் வருமுன் திறக்கும் செட்டிங் திரை) காணவில்லை என்றால் கனெக்டர் தளர்ந்திருக்க வேண்டும் அல்லது டிரைவ் செத்திருக்க வேண்டும்.

உள்ளுக்குப் புது டிரைவ் மாத்துறதா, வெளியில யூஎஸ்பில பூட்டுறதை வாங்குறதா?

வெளியே பூட்டுவது. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. இந்த லப்டொப் போனாலும் அடுத்ததில் பூட்டலாம், வீட்டில் எல்லோருக்கும் ஒன்று போதும்.

உள்ளே மாற்றத்தான் வேண்டும் என்றால் வேலை கஷ்டமில்லை. பல மொடல்களில் அடிப்பக்கம் ஒரே ஒரு திருகாணி, கழற்றினால் டிரைவ் லாச்சி போல வெளியே வரும். வாங்குமுன் தடிப்பை அளக்க வேண்டும். பழையவை 12.7 மில்லிமீற்றர், பிந்தியவை 9.5 மில்லிமீற்றர். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. மிகப் பழைய லப்டொப்பில் கனெக்டரே வேறு, சாட்டா அல்ல ஐடீஈ. கழற்றியதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவதுதான் பிழைக்காத வழி. முன்பக்க பிளாஸ்டிக் மூடி உங்கள் லப்டொப்பின் வடிவத்துக்கென்று செய்தது, அதைப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் போட வேண்டும்.

யூஎஸ்பி டிரைவ் வாங்கிட்டேன். 'டொக்'குன்னு ஒரு சத்தம், பிறகு அப்படியே நின்னுருது. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. கரண்ட் பற்றவில்லை. யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லியம்பியர்தான் தரக் கடமைப்பட்டது. டிஸ்க்கைச் சுழற்றத் தொடங்கும் நொடியில் டிரைவ் அதைவிட அதிகமாகக் கேட்கும். கிடைக்காவிட்டால் மோட்டார் நின்று, விண்டோஸிலிருந்து டிரைவ் மறையும். பழைய லப்டொப்பில், துளை தேய்ந்ததில், இது சர்வசாதாரணம்.

வயரின் முனையில் இரண்டு பிளக் இருந்தால் இரண்டையும் பூட்டுங்கள், ஒன்று கரண்டுக்கு மட்டும். ஒரே பிளக் என்றால் நீலநிறத் துளை இருக்கிறதா பாருங்கள். அது யூஎஸ்பி 3.0, 900 மில்லியம்பியர் தரும். சார்ஜரைப் பூட்டிவிட்டு வேலை செய்யுங்கள். தனிக் கரண்ட் இல்லாத யூஎஸ்பி ஹப்பும் நீட்டு வயரும் இதற்கு ஆகாது.

எதுவுமே வாங்காம, தங்கச்சியோட லப்டொப்புல சிடியைப் போட்டு என்னோடதுக்கு எடுக்க ஏலுமா?

ஏலும், மூன்று விதமாக. லேசானது: அவருடைய லப்டொப்பில் சிடியைத் திறந்து, ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் கொப்பி பண்ணி, பென் டிரைவில் கொண்டுவருவது. ஃபோட்டோவுக்கும் வேர்ட் ஃபைலுக்கும் அது போதும். ஒரு சிடி 700 எம்பி, ஒரு சாதாரண டிவிடி 4.7 ஜிபி. 32 ஜிபி பென் டிரைவில் ஆறு டிவிடி ஏறும்.

இரண்டாவது, டிஸ்க்கை அப்படியே ஒரு ஐஎஸ்ஓ ஃபைலாக்குவது. இம்ஜ்பர்ன் (ImgBurn) போன்ற இலவச சொஃப்ட்வெயாரில் டிஸ்க்கிலிருந்து இமேஜ் எடுக்கும் தெரிவு இருக்கிறது. உங்கள் லப்டொப்பில் விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் அந்த ஃபைலை டபுள் கிளிக் பண்ணினாலே சிடி போட்டதுபோலப் புது டிரைவ் எழுத்து ஒன்று முளைக்கும். இன்ஸ்டோல் பண்ணும் சிடிக்கு இதுதான் வழி. பாட்டு சிடிக்கும் விசிடிக்கும் ஐஎஸ்ஓ சரிவராது, அவற்றின் அமைப்பு வேறு.

மூன்றாவது, அவருடைய டிரைவையே நெட்வேர்க்கில் ஷெயார் பண்ணுவது. டிரைவ் எழுத்தை ரைட் கிளிக் பண்ணி ப்ரொபர்டீஸ், ஷெயாரிங், அட்வான்ஸ்ட் ஷெயாரிங் போனால், ஃபோல்டரைப் போலவே டிரைவையும் ஷெயார் பண்ணலாம். நெட்வேர்க் பூட்டும் விதம் கீழே லேன் வயர் கேள்வியில் இருக்கிறது.

பாட்டு சிடியைக் கொப்பி பண்ணினேன். என் லப்டொப்புல வந்து பார்த்தா ஒவ்வொரு பாட்டும் 1 கேபி. ஒண்ணும் பாடல.

நீங்கள் கொப்பி பண்ணியது பாட்டை அல்ல, பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பை. சிடிஏ என்று முடியும் அந்த ஃபைல் ஒவ்வொன்றும் 44 பைட்தான். ஓடியோ சிடியில் பாட்டு ஃபைலாகவே இருப்பதில்லை. விண்டோஸ் மீடியா பிளேயரில் 'ரிப்' என்ற பட்டனை அழுத்தினால்தான் பாட்டு ஃபைலாக இறங்கும்.

கல்யாண விசிடி என்றால் 'எம்பிஈஜிஏவி' என்ற ஃபோல்டருக்குள் டேட் என்று முடியும் பெரிய ஃபைல் இருக்கும். அதை மட்டும் எடுத்தால் போதும், விஎல்சி பிளேயரில் ஓடும். டிவிடி என்றால் 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டரை முழுதாக எடுங்கள். உள்ளே வொப் என்று முடியும் ஃபைல்கள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாமல் துண்டு துண்டாக இருக்கும். ஒரு துண்டை விட்டால் தாலி கட்டும் இடம் காணாமல் போகலாம்.

கீறல் விழுந்த டிஸ்க், பாதியில 'சைக்ளிக் ரிடன்டன்சி'ன்னு வந்து நிக்குது. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா?

அந்தச் செய்திக்கு டிஸ்க்கைச் சரியாக வாசிக்க முடியவில்லை என்று அர்த்தம். முதலில் சாதாரணமாகக் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பஞ்சுத்துணி. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. தரவு வட்டப் பாதையில் இருக்கிறது. வட்டமாகத் தேய்த்து விழும் கீறல் அந்தப் பாதையோடு ஓடி நீளமான துண்டை மறைத்துவிடும், குறுக்குக் கீறலை டிரைவ் திருத்தி வாசித்துவிடும். நம் பக்கம் வெள்ளைப் பூஞ்சணம் பூத்த டிஸ்க் நிறைய வருகிறது. மேலே மட்டும் பூத்திருந்தால் கழுவினாலே போதும்.

கழுவியும் நின்றால் வேறு டிரைவில் போடுங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட டிஸ்க்கை இன்னொன்று வாசிப்பது ஆச்சரியமில்லை, மேசைக் கொம்பியூட்டரின் தடித்த டிரைவ் லப்டொப்பினதைவிடப் பிடிவாதமானது. டூத்பேஸ்ட் கடைசிக்குக் கடைசி. மினுமினுப்பான அடிப்பக்கத்தில் ஒரு கீறல் என்றால் சில வேளை உதவும், கைதவறினால் நூறு கீறல். சிடியின் மேல்பக்கம், பெயர் எழுதும் பக்கம், உரிந்து வெளிச்சம் தெரிந்தால் எதுவும் செய்வதற்கில்லை. தரவுப் படலம் அந்த லேபலுக்கு நேர்கீழேதான் இருக்கிறது.

டிஸ்க்ல கீறலே இல்ல. ரைட் பண்ணின லப்டொப்புல ஓடுச்சு, மத்த எதுலயும் வெறுமையாக் காட்டுது.

ரைட் பண்ணியவர் 'ஃபைனலைஸ்' பண்ணாமல் விட்டிருப்பார், அதாவது டிஸ்க்கை மூடவில்லை. எழுதிய டிரைவ் உயிரோடு இருந்தால் அதில் போட்டு, டிரைவை ரைட் கிளிக் பண்ணி 'குளோஸ் செஷன்' கொடுங்கள். அந்த டிரைவ்தான் செத்தது என்றால், வேறு ஒரு டிவிடி ரைட்டரில் (வெறும் ரீடரில் அல்ல) முயல வேண்டும். ரைட்டர்கள் மூடாத டிஸ்க்கையும் பல நேரம் வாசிக்கும்.

பென் டிரைவுல 20 ஜிபி வெறுமையா இருக்கு. 5 ஜிபி வீடியோ ஏறமாட்டேங்குது, இடமில்லைங்குது.

பென் டிரைவ் ஃபெட்32 முறையில் ஃபோர்மட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, எவ்வளவு இடம் இருந்தாலும். உள்ளே இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு, எக்ஸ்ஃபெட் முறையில் ஃபோர்மட் பண்ணுங்கள். விண்டோஸ் 7 முதல் எல்லாவற்றிலும் ஓடும். பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் வாங்கிய 'ஒரு டெராபைட்' பென் டிரைவ் என்றால் அதை நம்பி எதையும் ஏற்றாதீர்கள். உள்ளே 16 ஜிபி சிப்பை வைத்து 1000 ஜிபி என்று காட்டுவார்கள், மிஞ்சியது எல்லாம் காற்றில் எழுதியதுபோல. கடைசியாக ஏற்றிய ஃபைல்களைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கொமியுனிகேஷன்ல பிரிண்ட் எடுத்துட்டு வந்தேன். பென் டிரைவுல எல்லாம் ஷோர்ட்கட்டா மாறிருச்சு.

கிளிக் பண்ணாதீர்கள், அதுதான் வைரஸ். உங்கள் ஃபைல்கள் அழியவில்லை, ஒளிக்கப்பட்டிருக்கின்றன. வைரஸ் கார்ட் புதுப்பித்த லப்டொப்பில் பென் டிரைவை முதலில் ஸ்கேன் பண்ணுங்கள். பிறகு ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் ஒளித்த ஃபைல்களைக் காட்டும்படியும், அதற்குக் கீழேயுள்ள 'ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்களை மறை' என்பதன் டிக்கை எடுத்தும் விடுங்கள். சில நேரம் பெயரில்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் கிடக்கும். வேண்டியதை மட்டும் வெளியே எடுத்துவிட்டுப் பென் டிரைவை ஃபோர்மட் பண்ணுங்கள்.

அடுத்த முறை கடைக்குக் கொண்டுபோகும் பென் டிரைவில் பிரிண்ட் எடுக்கும் பிடிஎஃப் மட்டும் இருக்கட்டும். ஃபைல் மாற்றும் பென் டிரைவ் வேறு, கடைக்குப் போகும் பென் டிரைவ் வேறு.

ரெண்டு லப்டொப்பையும் நேரா ஒரு வயர்ல பூட்டிட ஏலாதா அண்ணே?

ஏலும், 20 ஜிபிக்கு மேல் இருந்தால் அதுதான் நல்லது. ஆனால் எந்த வயர் என்பது முக்கியம். இரண்டு பக்கமும் தட்டையான சாதாரண யூஎஸ்பி முனை உள்ள வயரால் பூட்டாதீர்கள். இரண்டு லப்டொப்பும் 5 வோல்ட் வெளியே தள்ளும், ஃபைல் போகாது, துளைதான் கருகும். நடுவில் சிப் பெட்டி வைத்த 'பிரிட்ஜ்' வயர் வேறு, அது இதற்கென்றே செய்தது.

வேண்டியது லேன் வயர், ரவுட்டரோடு வருகிற அதே வயர் போதும். இரண்டு லப்டொப்பிலும் பூட்டினால் துளையின் ஓரத்தில் சின்ன லைட் எரிய வேண்டும். 100 எம்பிபிஎஸ் கார்ட் உள்ள மிகப் பழைய சோடிக்கு 'குரொஸ்ஓவர்' வயர் தேவைப்படலாம். ஒன்றாவது ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்றால் எந்த வயரும் வேலை செய்யும். வைஃபையை இரண்டிலும் ஓஃப் பண்ணுங்கள். நெட்வேர்க் செட்டிங்கில் ஈதர்நெட்டின் ஐபிவி4 முகவரியைக் கையால் போடுங்கள்: கொடுக்கிற லப்டொப்புக்கு 192.168.10.1, வாங்குகிறதற்கு 192.168.10.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே, டிஎன்எஸ் வெறுமையாக இருக்கட்டும்.

கொடுக்கிற பக்கத்தில் அந்த நெட்வேர்க்கை 'பிரைவேட்' ஆக்கி, ஃபைல் ஷெயாரிங்கை ஒன் பண்ணி, வேண்டிய ஃபோல்டரை முன்சொன்னபடி அட்வான்ஸ்ட் ஷெயாரிங்கில் விடுங்கள். வாசிக்கும் அனுமதி மட்டும் போதும், எழுதும் அனுமதி கொடுக்காதீர்கள். வாங்குகிற பக்கத்தில் ஃபோல்டர் ஜன்னலின் முகவரிக் கட்டத்தில் \\192.168.10.1 என்று அடித்து என்டர் கொடுத்தால் ஃபோல்டர் தெரியும். இழுத்துப் போட வேண்டியதுதான். இரண்டிலும் ஸ்லீப் போவதை 'நெவர்' ஆக்குங்கள், மூடியை மூடாதீர்கள். பாதி மாற்றங்கள் நின்றுபோவது இதனால்தான். எல்லாம் முடிந்ததும் ஐபி முகவரியைத் திரும்ப 'ஒட்டோமெட்டிக்' ஆக்க மறந்தால், மறுநாள் ரவுட்டர் வயரைப் பூட்டும்போது இன்டர்நெட் வராது.

அதே மாதிரி பூட்டினேன். பாஸ்வேர்ட் கேக்குது, என்ன போட்டாலும் எடுக்குதில்ல.

கேட்பது மற்ற லப்டொப்பின் யூசர் பெயரும் பாஸ்வேர்டும். தினமும் அடிக்கிற நான்கு இலக்கப் பின் நம்பர் இங்கே செல்லாது. பாஸ்வேர்டே வைக்காத யூசர் என்றால் விண்டோஸ் நெட்வேர்க் வழியாக உள்ளே விடாது. கொடுக்கிற லப்டொப்பில் பாஸ்வேர்ட் வைத்த ஒரு லோக்கல் யூசரைப் புதிதாக உருவாக்கி, அதைக் கொடுப்பது குறைந்த தலைவலி.

பாஸ்வேர்டே கேட்காமல் 'காணவில்லை' என்று வந்தால், நெட்வேர்க் இன்னும் 'பப்ளிக்' ஆக இருக்கும், அல்லது வைரஸ் கார்டின் ஃபயர்வோல் மறிக்கும். ஒரு பக்கம் விண்டோஸ் எக்ஸ்பி என்றால் இந்த வழியையே விடுங்கள். அது பேசும் எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் ஷெயாரிங் முறையைப் புதிய விண்டோஸ் பாதுகாப்புக்காக மூடி வைத்திருக்கிறது. எக்ஸ்பியிலிருந்து பென் டிரைவில் எடுப்பதே சுகம்.

ரவுட்டரும் இல்ல, லேன் வயரும் இல்ல, டேட்டாவும் முடிஞ்சிருச்சு. போனை வச்சி ஏதும் பண்ணலாமா?

போனின் மொபைல் டேட்டாவை ஓஃப் பண்ணிவிட்டு ஹொட்ஸ்பொட்டை மட்டும் ஒன் பண்ணுங்கள். இரண்டு லப்டொப்பையும் அதில் பூட்டினால் போன் ஒரு ரவுட்டர்போல நிற்கும். ஃபைல் லப்டொப்பிலிருந்து லப்டொப்புக்குப் போகிறது, டவருக்குப் போகவில்லை, அதனால் டேட்டா செலவாகாது. ஐபி முகவரியைக் கையால் போட வேண்டாம், கொடுக்கிற லப்டொப்புக்குப் போன் கொடுத்ததை நெட்வேர்க் ப்ரொபர்டீஸில் பார்த்து அடியுங்கள். மீதி மேலே சொன்ன அதே முறை. சில போன்கள் ஹொட்ஸ்பொட்டில் பூட்டிய கருவிகள் ஒன்றையொன்று பார்க்க விடாது. அப்படியென்றால் போனை யூஎஸ்பியில் பூட்டி, 'ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்' தெரிவுசெய்து, பென் டிரைவாகப் பாவியுங்கள்.

எது சீக்கிரம் முடியும்?

40 ஜிபிக்குக் கணக்குப் போடுவோம். 100 எம்பிபிஎஸ் லேன் வயரில் செக்கனுக்கு 11 எம்பி போகும், ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு பக்கமும் ஜிகாபிட் என்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கின் வேகம்தான் எல்லை, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியலாம். ஹொட்ஸ்பொட்டில் செக்கனுக்கு 5 எம்பி கிடைத்தால் இரண்டே கால் மணி. மலிவான பென் டிரைவும் எழுதும்போது அந்த அளவுதான், அதோடு மறுபக்கம் இறக்கும் நேரமும் சேரும்.

ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல் இருந்தால் எல்லாமே மந்தமாகும். அவற்றை ஒரு ஸிப் ஆக்கிவிட்டு அனுப்புங்கள்.

கூகிள் டிரைவுல ஏத்திட்டா வேலை முடிஞ்சுதானே?

இலவச இடம் 15 ஜிபி. அப்லோட் வேகம் 2 எம்பிபிஎஸ் என்றால் 10 ஜிபி ஏறப் பதினொரு மணி நேரம், மழைநாளில் சிக்னல் விழுந்தால் இன்னும் கூட. ஓஎல் சான்றிதழ், அடையாள அட்டை, ஈபிஎஃப் கடிதம் போன்றவற்றின் ஸ்கேனுக்கு நல்லது. கல்யாண வீடியோவுக்கு அல்ல. வட்ஸ்அப்பில் ஃபோட்டோ அனுப்புவதானால் 'டொகியுமென்ட்' ஆக அனுப்புங்கள், ஃபோட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

கொப்பி ஆகிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போயிருச்சு. எங்க விட்டேன்னு எப்படித் தெரியும்?

'கட்' பண்ணி 'பேஸ்ட்' பண்ணியிருந்தால் எது எங்கே இருக்கிறதென்று தேடுவதே ஒரு வேலையாகிவிடும். எப்போதும் 'கொப்பி' மட்டும். அழிப்பது பிறகு.

திரும்பக் கொப்பி கொடுத்து, ஏற்கெனவே உள்ளவற்றை 'ஸ்கிப்' பண்ணச் சொன்னால் விட்ட இடத்திலிருந்து போகும். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸ் ஒரு ஃபைலை எழுதத் தொடங்கும்போதே அதன் முழு அளவுக்கு இடம் பிடித்து வைக்கும். திடீரென்று ஓஃப் ஆனால் அளவு சரியாகவும் உள்ளே பாதி வெறுமையாகவும் ஒரு ஃபைல் நிற்கும். 'ஸ்கிப்' அதையும் நல்லது என்று விட்டுவிடும். ஆகவே வாங்குகிற பக்கத்தில் 'டேட் கிரியேட்டட்' வரிசையில் அடுக்கி, கடைசி மூன்று நான்கு ஃபைலை அழித்துவிட்டுத் தொடருங்கள்.

பற்றரி நல்லதென்றால் கரண்ட் போனாலும் லேன் வயர் மாற்றம் நிற்காது, ரவுட்டர் வழியானது நிற்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி கட்டும்போது சார்ஜரையும் ரவுட்டரின் ஃபோன் வயரையும் கழற்றிவிட்டு, பற்றரியில் ஓட விடுங்கள்.

பழைய வேர்ட் ஃபைல் எல்லாம் வந்துருச்சு. ஆனா தமிழ் எல்லாம் இங்கிலிஷ் எழுத்தும் கமாவுமாத் தெரியுது. வைரஸா சேர்?

வைரஸ் அல்ல, பாமினி. நம் நாட்டில் பள்ளிக்கூடச் சுற்றறிக்கை முதல் கல்யாணப் பத்திரிகை வரை ஏராளமானவை பாமினி எழுத்துருவில் அடித்தவை. அது யூனிகோட் அல்ல. உண்மையில் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், பாமினி அவற்றுக்குத் தமிழ் உருவம் போடுகிறது. புது லப்டொப்பில் அந்த ஃபொன்ட் இல்லாவிட்டால் உள்ளிருப்பது அப்படியே தெரியும். பழைய லப்டொப்பில் சி டிரைவ், விண்டோஸ், ஃபொன்ட்ஸ் ஃபோல்டருக்குப் போய்ப் பாமினியையும் நீங்கள் பாவித்த மற்றத் தமிழ் ஃபொன்ட்களையும் கொப்பி பண்ணிவந்து, ரைட் கிளிக்கில் இன்ஸ்டோல் கொடுங்கள். எல்லாம் ஒரு நொடியில் திரும்பும். இனித் திருத்தப் போகும் ஃபைல் என்றால் யூனிகோடுக்கு மாற்றி வைப்பது நல்லது, மாற்றித் தரும் பக்கங்கள் இலவசமாகவே உண்டு.

மறந்துபோகும் மற்றவை: பிரவுசரின் புக்மார்க்குகள், டெஸ்க்டொப்பில் கிடக்கும் ஃபைல்கள் (பலருக்கு எல்லாமே அங்கேதான்), டவுன்லோட்ஸ் ஃபோல்டர், கடைக் கணக்கு சொஃப்ட்வெயாரின் பேக்கப்.

சிடியில இருந்து போட்ட சொஃப்ட்வெயாரை ஃபோல்டரோட கொப்பி பண்ணினா ஓடுமா?

பெரும்பாலும் ஓடாது. இன்ஸ்டோல் ஆகும்போது அது ரெஜிஸ்ட்ரியிலும் விண்டோஸ் ஃபோல்டரிலும் துண்டு துண்டாக எழுதியிருக்கும். முன்சொன்ன ஐஎஸ்ஓ வழியாகப் புதிதாக இன்ஸ்டோல் பண்ணுங்கள், சிடி உறையிலுள்ள சீரியல் நம்பரை ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்கள். விண்டோஸையே போடுவதற்கும் டிவிடி தேவையில்லை, குறைந்தது 8 ஜிபி பென் டிரைவும் மைக்ரோசொஃப்டின் மீடியா கிரியேஷன் டூலும் போதும்.

எனக்குப் பழுது டிவிடி டிரைவ்ல இல்ல, ஹார்ட் டிஸ்க்தான் 'டக் டக்'னு அடிக்குது. என்ன பண்ண?

ஒன் பண்ணிப் பண்ணிப் பார்க்காதீர்கள். அந்தச் சத்தம் உள்ளே வாசிக்கும் கை தன் இடத்தைக் கண்டுபிடிக்காமல் அலைவது. ஒவ்வொரு முறையும் தட்டில் உரசும் ஆபத்து உண்டு. பெறுமதியான ஃபைல் என்றால் இங்கேயே நிறுத்தி, தரவு மீட்கும் வேலையையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுங்கள். ஃப்ரிஜ்ஜில் வைத்து எடுக்கும் கதையைக் கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் நம் ஈரக் காற்றில் பனி பூக்கும்.

சத்தம் இல்லை, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் நம்பிக்கை அதிகம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா யூஎஸ்பி வயர் ஒன்றில் வேறு லப்டொப்பில் பூட்டுங்கள். 2.5 அங்குல டிஸ்க்குக்குத் தனிக் கரண்ட் தேவையில்லை. 'ஃபோர்மட் பண்ணவா?' என்று விண்டோஸ் கேட்டால் 'கேன்சல்'. யூசர் ஃபோல்டருக்கு அனுமதி இல்லை என்றால் 'கன்டினியூ' கொடுத்துச் சில நிமிடம் பொறுங்கள், திறக்கும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லொக்கர் 48 இலக்கத் திறப்பு கேட்டால், அந்த லப்டொப்பில் பாவித்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கலாம். அது இல்லாமல் எவராலும் திறக்க முடியாது.

எடுக்கும் ஒழுங்கும் முக்கியம். முதலில் திரும்பக் கிடைக்காதவை, அதாவது ஃபோட்டோவும் வீட்டு வீடியோவும் கணக்கும். படம், பாட்டு எல்லாம் கடைசி.

எல்லாம் மாத்திட்டேன். சிடி எல்லாத்தையும் குப்பையில போட்டுறலாமா?

இன்னும் இல்லை. இரண்டு பக்கமும் ஃபோல்டரை ரைட் கிளிக் பண்ணி ப்ரொபர்டீஸில் ஃபைல் எண்ணிக்கையும் 'சைஸ்' என்ற வரியும் ஒன்றாக இருக்கின்றனவா பாருங்கள். 'சைஸ் ஒன் டிஸ்க்' வேறுபடலாம், அதை விடுங்கள். ஒவ்வொரு வீடியோவிலும் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடம் ஓட விட்டுப் பாருங்கள். பிறகு இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கொப்பி, அது வேறு வீட்டில் இருப்பது நல்லது.

டிஸ்க்குகளை நிமிர்த்தி, ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டியில், சிலிக்கா ஜெல் பை ஒன்றோடு மூடிய டப்பாவில் வையுங்கள். அடுப்படிச் சுவரை ஒட்டிய அலுமாரியில் மட்டும் வேண்டாம்.